ஸ்டெல்லா அக்காவின் ஆறு விண்டோக்கள்

ஐந்து போல்டர்களையும் அழித்தவன் நான்தான். முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

வெள்ளவத்தையில் கொம்பியூட்டர் திருத்தும் கடை வைத்து இருபது வருடமாகிறது. ஒரு சனிக்கிழமை, கொட்டாஞ்சேனை ஸ்டெல்லா அக்கா தன் மெஷினைக் கொண்டுவந்தார். "தம்பி, சரியான ஸ்லோவா இருக்கு. கொஞ்சம் பாருங்கோ" என்று வைத்துவிட்டுப் போனார். திறந்தால் ஒரே ஒன்லைன் கேம் ஆறு போல்டர்களில் கிடக்கிறது. ஹார்ட் டிஸ்க் நிரம்பி வழிகிறது. பாவம், தெரியாமல் ஆறு தரம் இன்ஸ்டோல் பண்ணியிருக்கிறார் என்று எனக்குள் சிரித்துக்கொண்டே ஐந்தை அழித்தேன். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரிய கெட்டிக்காரன்!

மறுநாள் காலை வந்தவர் திரையைப் பார்த்ததும் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

"மற்ற அஞ்சு பேரும் எங்க, தம்பி?"

"எந்த அஞ்சு பேர், அக்கா?"

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. அக்கா முப்பது வருடம் ஒரு ஹோட்டலில் ரெலிபோன் ஒபரேட்டராக இருந்தவர். கூட வேலை செய்த ஐந்து பெண்களும் இப்போது ஐந்து நாடுகளில். ஆறு பேரும் சேர்ந்துதான் இந்தக் கேமை விளையாடுகிறார்கள். அதில் ஒரு பெரிய கதவு. ஆறு பேரின் கேம் ஆட்களும் ஆறு கயிறுகளைப் பத்து செக்கனுக்குள் இழுத்தால்தான் அது திறக்கும். ஆறு பேருக்கும் நேரம் ஒத்துவருவதே இல்லை. அதனால் எல்லோருடைய சம்மதத்தோடும் அக்காவே ஒரே மெஷினில் ஆறையும் ஓட்டுகிறார். கேமின் விதியும் அதற்கு இடம் கொடுக்கிறது.

"அந்த அஞ்சு பேரில ஒருத்தி மாலினி. அவவுக்கு நாளைக்கு ஹார்ட் ஒப்பரேஷன். லண்டன்ல ஆஸ்பத்திரியில கிடக்கிறா. அதுக்கு முதல் கதவு திறக்கிறதைப் பார்க்கோணும் எண்டு கேட்டவ. இண்டைக்குப் பன்னிரண்டரைக்கு வீடியோ கோல் எடுக்கிறன் எண்டு சொன்னனான்."

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. நல்லகாலம், அந்த ஐந்து பேரின் கணக்குகளும் கேம் கம்பனியின் சேர்வரில் பத்திரமாக இருந்தன. மிஞ்சியிருந்த போல்டரை ஐந்து தரம் கொப்பி பண்ணி, ஆறையும் திறந்தேன். ஆறும் முழுத்திரையில் வந்து நிற்க, மெஷின் இறுகிப்போனது.

"அக்கா, ரேம் எட்டு ஜீபிதான். இதில ஆறு ஓடாது. புதுசு போடோணும்."

"ஒண்டும் வேண்டாம். தள்ளுங்கோ." கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். "என்ர விண்டோ மட்டும் பெரிசு. மற்றதெல்லாம் தீப்பெட்டி அளவு. சத்தம் ஓஃப். படத்தில நிழல், தண்ணி, புல்லு ஒண்டும் வேண்டாம். செக்கனுக்குப் பதினைஞ்சு பிரேம் போதும்."

ஒவ்வொரு போல்டரின் செட்டிங்கும் அவருக்கு மனப்பாடம். அந்தப் பழைய மெஷினில் ஆறும் ஓடின. இத்தனை வருடத் தொழிலில் இப்படி ஒரு கைப்பக்குவத்தை நான் கண்டதில்லை.

பன்னிரண்டரைக்கு வீடியோ கோலில் மாலினியின் முகம் வந்தது. போனைத் திரைக்கு நேரே நான் பிடித்தேன். அக்காவின் கை விண்டோவுக்கு விண்டோ தாவியது. பழைய ஒபரேட்டர் பழக்கத்தில் உதடு தானாக முணுமுணுத்தது: "லைன்ல இருங்கோ... இருங்கோ... இந்தா தாறன்..."

ஆறாவது கயிறும் இறங்கியது. கதவு திறந்தது.

போனில் மெல்லிய குரல் கேட்டது: "அடியே ஸ்டெல்லா, இண்டைக்கும் ஒரு கோலையும் நீ விடேல்லையடி!"

அக்கா அழுதார். நானும்தான், ஏன் மறைக்க?

அன்றிலிருந்து எதையும் அழிக்க முதல், சொந்தக்காரருக்குக் கோல் எடுத்து "இது எதுக்கு?" என்று கேட்கிறேன். இளம் டெக்னீஷியன்மாரே, நீங்களும் கேளுங்கள்.

இரண்டு நாள் கழித்து அக்கா கோல் எடுத்தார்.

"தம்பி, மாலினி கண் முழிச்சிட்டா. மெஷின் பிறகும் உங்களிட்டத்தான் வரும். ஆறு பேரும் இருக்கிறம், ஒருத்தரையும் அழிச்சுப்போடாதேங்கோ."