செம்பூர் ஷெட்டில் பால் காய்ச்சிய பூலோகம்

பூலோகம் அண்ணாச்சிக்கு ஆங்கிலம் தெரியாது. அவருக்காக நான் எழுதிய ஆங்கிலக் கடிதம்தான் அவரைச் சாட்சிக் கூண்டில் கொண்டுபோய் நிறுத்தியது.

1964-ல் மாட்டுங்காவில், கோமதிநாயகம் பிள்ளையின் வாடகைக் கார் கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். எங்கள் ஊரில் பி.ஏ. முடித்த முதல் ஆள் நான். கம்பெனிக்குப் பதினோரு கார்கள், மூன்று இடங்கள். மாட்டுங்கா ஆபீசின் பேரில் ஒரு வழக்கு. தாராவிக் கொட்டகையின் பேரில் இன்னொன்று. செம்பூர் ஷெட் மட்டும்தான் வம்பில்லாமல் இருந்தது. எல்லா வண்டிகளும் இரவில் அங்கேதான் நிற்கும், ரிப்பேரும் அங்கேதான்.

அந்த ஷெட்டின் தலைமை மெக்கானிக் பூலோகம். களக்காட்டுப் பக்கத்து ஆள். வண்டி கேட்டுக்குள் நுழையும்போதே, பார்க்காமல், "கிளட்ச் போச்சு" என்பார். போயிருக்கும். கல்யாணமாகி ஒன்பது வருஷம். மனைவி பூமாரி ஊரில். இவர் தாராவியில் ஓர் அறையில் பதினோரு பேரோடு. வருஷத்துக்கு ஒரு மாதம்தான் குடும்பம்.

அறுபத்தைந்து தை மாதம் முதலாளி மனமிரங்கி, ஷெட்டின் கோடியில் பழைய டயர்கள் கிடந்த அறையைக் காலி செய்து கொடுத்தார். ராத்திரி வண்டிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மனைவியை அழைத்துக்கொண்டு வரலாம்.

"பால் காய்ச்சாம குடிபோவ முடியுமா தம்பி? மண்ணுக்குச் சொந்தக்காரரை விட்டுட்டுக் காய்ச்சினா வெளங்குமா?" என்றார் அண்ணாச்சி.

நிலத்துக்காரர் ஜேதானந்த் சேட், சிந்திக்காரர். அவருக்கு ஆங்கிலத்தில் ஓர் அழைப்பு வேண்டுமென்று அண்ணாச்சி என்னிடம் கேட்டார். 'எமது புதிய இல்லத்தின் கிரகப்பிரவேசம்' என்று, அகராதியைப் புரட்டி, டைப் அடித்துக் கொடுத்தேன். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, வெற்றிலை பாக்கோடு நேரில் வைத்து அழைத்தார். சேட்டும் வந்தார். பால் குடித்தார்.

நான்காம் மாதம் கோர்ட் நோட்டீஸ் வந்தது. ஷெட்டை வாடகைக்கு எடுத்த கம்பெனி அதில் வேறொரு குடும்பத்தை உள்வாடகைக்குக் குடிவைத்திருக்கிறதாம். சட்டப்படி மொத்த இடத்தையும் காலி செய்ய வேண்டுமாம். அத்தாட்சி: மஞ்சள் அழியாத என் கடிதம்.

வக்கீல் திருவேங்கடம் அதை என் முன்னால் போட்டார். "இங்கிலீஷ் பிரமாதம், ஓய். இதை எழுத பி.ஏ. வேற படிச்சீரா?"

ஷெட் போனால் பதினோரு வண்டியும் தெருவில். கம்பெனி மூடினால் எல்லோருக்கும் வேலை போகும். ஆனால் அண்ணாச்சிக்கு அந்த அறையும் போகும், பூமாரி மறுபடி ஊருக்கு ரயிலேற வேண்டும். அந்தம்மாள் என்னைக் கண்டால் ஒன்றும் கேட்காமல் காப்பி கொடுப்பார். அதைக் குடிப்பதுதான் பெரும்பாடு.

வழக்கு மறுவருஷம்தான் விசாரணைக்கு வந்தது. அந்த வாரம் பார்த்து பூமாரியின் தகப்பனார் நயினார் ஊரிலிருந்து வந்து, தாராவியில் தன் தம்பி வீட்டில் தங்கியிருந்தார். "மாப்ள வீட்டுக் கேசுக்கு நான் இல்லாமயா?" என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அண்ணாச்சியின் முகம் செத்துப்போயிற்று.

"தம்பி, நான் இந்தியிலயே சொல்லிருதேன். மாமாவுக்கு வெளங்காது பாத்துக்கிடும்" என்றார் கோர்ட் வராந்தாவில்.

ஆனால் அவருடைய கேரேஜ் இந்தி இரண்டு வார்த்தை தாண்டுவதற்குள் ஜட்ஜ் கையமர்த்தினார். மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார், தாய்மொழியிலேயே பேசட்டும் என்றார்.

"பால் காய்ச்சினீர்களா?" என்று கேட்டார் சேட்டின் வக்கீல்.

"காய்ச்சினோம்."

"சொந்தமாகக் குடிபோகிற வீட்டில்தானே காய்ச்சுவார்கள்?"

"ஆமா."

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

திருவேங்கடம் எழுந்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அந்த இடத்துச் சாவி யாரிடம் இருக்கிறது?"

மொழிபெயர்ப்பாளர் மறுபடி கேட்டார். அண்ணாச்சி மாமனார் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"கம்பெனிட்ட இருக்கு. ரூமுக்குப் பூட்டு கெடையாதுங்க. ஒம்போது மணிக்குக் கடைசி டிரைவர் கேட்டை வெளியில பூட்டி, சாவியை மாட்டுங்காவுக்குக் கொண்டு போயிருவாரு. காலையில ஆறு மணிக்குத் தெறப்பாக. ராத்திரி பூரா நானும் எம்பொஞ்சாதியும் வண்டிகளோட உள்ளதான் கெடப்போம்."

நயினார் துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. அறை அவர் வசம் இல்லை, அவர் கம்பெனியின் காவல்காரர், உள்வாடகை நிரூபிக்கப்படவில்லை. வழக்கு தள்ளுபடி. முதலாளி இனிப்பு வாங்கிவரச் சொன்னார். கேட்டுக்கு ஒரு சாவி அண்ணாச்சியிடம் கொடுத்துவிடலாமா என்றுகூடக் கேட்டார். திருவேங்கடம் துள்ளிக் குதித்தார். "சேட் அப்பீல் போவான் ஓய்! பூட்டுதான் நம்ம கேஸே. ஒரு ராத்திரிகூடப் பூட்டாம விட்டுப்போகப்படாது."

இதைச் சொல்ல நான் செம்பூருக்குப் போனபோது நயினார் மகளோடு வாதாடிக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம் அவருக்கு ரயில்.

"மாட்டைக்கூட நான் உள்ள போட்டு வெளியில பூட்டினதில்லட்டீ. பொறப்படு. மாப்ள வருசா வருசம் வந்து பாத்துட்டுப் போவட்டும்."

அண்ணாச்சி ஒரு வண்டியின் அடியில் படுத்திருந்தார். ஸ்பானர் சத்தம் நின்றுபோயிருந்தது.

வக்கீல் சொன்னதை நான் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தேன். பூமாரி கேட்டுக்கொண்டு, அப்பாவுக்கு வழிக்குக் கட்டிய புளிச்சோற்றை அவர் கையில் கொடுத்தார்.

"நம்ம வீட்டுக் கதவு ஒம்போது வருசம் தெறந்துதான் கெடந்துச்சு, யய்யா. ஆளுதான் வரல. நீங்க போயிட்டு வாங்க."