ரெக்கார்டு ரூமில் காணாமல் போன பாதை

1. இன்ஸ்பெக்‌ஷன்

எங்கள் கோர்ட்டில் யாராவது வேகமாக நடந்தால், ஜில்லா ஜட்ஜ் இன்ஸ்பெக்‌ஷன் வருகிறார் என்று அர்த்தம். அருப்புக்கோட்டைப் பக்கம் நான் ரெக்கார்டு கீப்பராக இருந்தபோது, அப்படி எல்லோரும் ஓடிக்கொண்டிருந்த ஒரு நாளில் சிரஸ்தார் ரெக்கார்டு ரூமுக்குள் வந்தார். ஆபீஸுக்கே பெரியவர். அந்த ரூமுக்கு அவர் வருவதே அபூர்வம்.

முடிந்த வழக்குகள் அங்கேதான் இருக்கும், வெள்ளைக்காரன் காலத்திலிருந்து. ஒரு வழக்குக்கு ஒரு கட்டு. பங்காளிகள் தலைமுறை தலைமுறையாக அடித்துக்கொண்டால் கட்டு பருமனாகும். சீக்கிரம் சமாதானமானால் ஒல்லியாக இருக்கும்.

"என்னப்பா இது, குட்டையும் நெட்டையுமா? எல்லாக் கட்டும் ஒரே மட்டத்துல நிக்கணும்."

"சார், ஒரு கேஸு பேப்பர் ஒரே கட்டுல இருந்தாத்தான் தேட முடியும்."

"ஜட்ஜய்யா கட்டப் பாப்பாகளா, கேஸப் பாப்பாகளா?"

நான் மறுபடியும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மறுநாளே எனக்குத் திருச்சுழி கோர்ட்டில் அவசர வேலை வந்துவிட்டது. திரும்பி வரும்போது இன்ஸ்பெக்‌ஷன் முடிந்திருந்தது. பருமனைப் பிரித்து, ஒல்லியோடு சேர்த்து, கட்டுகளைக் கடையில் சோப்பு அடுக்கியதுபோல அடுக்கியிருந்தார்கள். "மிக நேர்த்தி" என்று ஜட்ஜ் எழுதிவிட்டுப் போனாராம். சிரஸ்தார் ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை.

2. பேச்சியம்மா

நரிக்குடியிலிருந்து பேச்சியம்மா வந்தது அதற்கப்புறம். அவர் நிலத்துக்குப் போகும் வண்டிப்பாதையில் பக்கத்து நிலத்துக்காரர் கம்பிவேலி போட்டுவிட்டார். குதிரைவாலி முற்றி நிற்கிறது. அறுப்பு மிஷின் உள்ளே போக வழியில்லை.

"எங்க மாமனாரு காலத்துலயே பாதை எங்களுக்குன்னு இந்தக் கோர்ட்டுல தீர்ப்பாயிருக்குய்யா. வீட்டுல இருந்த காயிதத்தக் கரையான் தின்னுருச்சு. போலீசுல காப்பி கொண்டாங்கிறாக. கதிரு இன்னும் நாலஞ்சு நாளுதான் தாங்கும்."

பதிவேட்டில் வழக்கு நம்பரைப் பார்த்து, அதற்குரிய கட்டை அவிழ்த்தேன். உள்ளே யாரோ இருவரின் விவாகரத்து இருந்தது. பேச்சியம்மாவின் தீர்ப்பு மூன்று அலமாரி தள்ளி, ஒரு வாடகைத் தகராறோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. 'இணைத்துள்ள படத்தில் கண்ட பாதை' என்றது தீர்ப்பு. படத்தைக் காணோம். படம் இல்லாவிட்டால் பாதை வானத்தில்கூட இருக்கலாம்.

"எதுக்குய்யா மெனக்கெடுற? 'கிடைக்கவில்லை'ன்னு எழுதிக் குடுத்துரு" என்றார் சிரஸ்தார்.

கிடைக்கவில்லை. ஒரே வார்த்தை, நமக்கு வேலை முடிந்தது. அந்தம்மா மட்டும் வேலிக்கு வெளியே நின்று தன் கதிர் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "இருக்கிற எல்லாக் கட்டையும் பிரிக்கப் போறேன் சார்" என்றேன்.

"மட்டம் போயிரும்யா!" என்று பதறினார்.

அன்றும் மறுநாளும் பிரித்தேன். ஒவ்வொரு கட்டுக்குள்ளும் தேடினேன், கிடைக்கவில்லை. கடைசியில் வாசலுக்கு நேராக, எல்லார் கண்ணிலும் படும்படி வைத்திருந்த கட்டு. மற்றதெல்லாம் சிவப்புத் துணி, இது மட்டும் மொடமொடவென்று வெள்ளை. அவிழ்த்தபோது மேலுறையின் உள்பக்கம் சிவப்பு மையில் பாதைக் கோடும் பேச்சியம்மாவின் வழக்கு நம்பரும் தெரிந்தன. அந்தக் காலத்துப் படங்களைத் துணி ஒட்டிய தாளில்தான் வரைவார்கள். இன்ஸ்பெக்‌ஷனுக்குத் துணி பத்தாமல் போக, படத்தைத் திருப்பிப்போட்டு உறை தைத்திருக்கிறார்கள்!

காப்பியில் சீல் வைத்துக் கொடுத்தபோது, எங்கே கிடைத்தது என்று கேட்டார் பேச்சியம்மா. சொன்னேன்.

"அவன் வேலி போட்டுத்தான் மறிச்சான். நீங்க எம்பாதையவே சுருட்டிப் பொட்டலம் கட்டிப்புட்டீகளேய்யா!"

கூசிப்போனேன். போலீஸ் வந்து வேலியை எடுப்பதற்குள் பாதிக் கதிர் கொட்டிவிட்டது. மீதியைத்தான் அறுத்தார்கள்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். கட்டு கோணலாக இருந்தால் மெமோதான் வரும். நான் கட்டுகளை மறுபடியும் வழக்குப்படி பிரித்து, குட்டையும் நெட்டையுமாகவே வைத்தேன், மெமோவும் வாங்கினேன். அதற்கு நான் எழுதிய பதில் ஒரே வரி: 'கேட்டால் எடுத்துக் கொடுக்க முடியும்.'