ஹில்டாவின் புது மிஷினும் இருபத்தாறு டிகிரியும்

ஹில்டாவுக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. சேலையூர் கேம்ப் ரோட்டில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறையில் டைப்பிங் சென்டர் நடத்துகிறவளுக்கு அந்தப் பழக்கம் வந்தால் பிழைப்பு ஓடாது. காட்டாங்குளத்தூர் காலேஜ் பிள்ளைகள் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு கடைசி நேரத்தில் வந்து நிற்பார்கள். வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே டைப் அடித்துக் கொடுப்பாள்.

அந்தப் பிள்ளைகளின் பென் டிரைவில் ரிப்போர்ட் இருந்ததோ இல்லையோ, வைரஸ் தவறாமல் இருந்தது. ஒரு சீசன் ஃபைல்கள் மொத்தத்தையும் அது தின்று ஏப்பம் விட்ட பிறகு, ஹில்டா விண்டோஸுக்கு முழுக்குப் போட்டுவிட்டு, வைரஸ் லேசில் ஒட்டாத லினக்ஸுக்கு மாறினாள். மாறியவள் சும்மா இருந்தாளா? புதிதாக ஞானஸ்நானம் வாங்கியவளைப் போலத் தெரு முழுக்கப் பிரசங்கம். ஜெராக்ஸ் கடைக்காரர் முதல் சர்ச்சில் காணிக்கை எடுப்பவர் வரை அவளைக் கண்டாலே எதிர்ப்பக்கம் போனார்கள்.

இரண்டாயிரத்து ஏழு மே மாதம் புது டூயல் கோர் மிஷின் வந்தது. அசெம்பிள் செய்து கொடுத்தவன் பிரசன்னா, புருஷன் சவுரிமுத்துவின் தம்பி. வந்த நாள் முதல் அது வேலைக்கு நடுவே பொட்டென்று அணைந்துகொண்டிருந்தது.

"லினக்ஸுதான் பேஜார் பண்ணுது அண்ணி. சனிக்கிழமை வந்து விண்டோஸ் போட்டுடறேன்" என்றான் பிரசன்னா. விண்டோஸ் திரும்பி வந்தால் கேம்ப் ரோட்டில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது என்று ஹில்டாவுக்குத் தெரியும்.

சூட்டினால்தான் அணைகிறது என்பது அவள் சந்தேகம். மிஷினுக்குள் சூட்டை அளக்கும் சென்சார் எங்கே இருக்கிறது என்று தேடும் ப்ரோகிராமை ஓடவிட்டாள். இங்கே தேடட்டுமா, அங்கே தேடட்டுமா, கொஞ்சம் ஆபத்து, பரவாயில்லையா என்று அது கேட்டுக்கொண்டே போனது. அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் என்டர் தட்டினாள். சென்சார் இருக்கிறது, அதோடு பேசும் டிரைவர் ப்ரோகிராமை இனிமேல்தான் யாராவது எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டு முடித்துக்கொண்டது.

இன்டர்நெட்டில் யாரோ ஒரு புண்ணியவான் சொன்னபடி, லினக்ஸின் அடிமடியான கெர்னலைக் கழற்றிவிட்டுப் புதுசு போட்டாள். நம்பர் வந்தது. இருபத்தாறு டிகிரி.

சனிக்கிழமை சொன்னபடி பிரசன்னா வந்தான். திங்கட்கிழமை ரிப்போர்ட் கொடுக்க வேண்டிய சத்யப்ரியா என்ற பெண், அதே ரிப்போர்ட்டால் விசிறிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

"பாருங்க அண்ணி, இருபத்தாறுதான். மிஷின் ஜில்லுனு கீது."

"வெளிய நாப்பது. இந்த ரூமுல அதுக்கும் மேல. கரண்ட்ல ஓடுற மிஷின் மட்டும் இருபத்தாறா? அப்ப என்னைத் தூக்கி உள்ள வை, அங்கயே உக்காந்து டைப் அடிக்கறேன். நம்பர் பொய் சொல்லுது."

"சென்சார் பொய், நான் பொய். உங்க லினக்ஸ் மட்டும் சத்தியம்" என்று பிரசன்னா விண்டோஸ் சிடியை உள்ளே தள்ளினான்.

"தொட்டுப் பாருடா" என்று ஹில்டா கேபினெட்டின் மேல் கையை வைத்தாள். கை ஒட்டிக்கொண்டது.

மிஷின் வந்தபோது போட்டிருந்த பாலிதீன் கவர். ரோட்டுப் புழுதி படாமல் புதுசு புதுசாகவே இருக்கட்டும் என்று, சுவிட்சுக்கும் சிடிக்கும் வயர்களுக்கும் மட்டும் கத்தரியால் வெட்டிவிட்டு மீதியை அவள் அப்படியே விட்டிருந்தாள். வீட்டில் சோபாவும் டிவி ரிமோட்டும் அப்படித்தான் இருந்தன. பிரசன்னாவின் கார் சீட்டும் அப்படித்தான். அதனால் அவன் கண்ணுக்கும் அது தப்பாகப் படவில்லை.

வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். கவரை அப்புறமாகக் கழற்றினால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அவனுடைய விரல், லினக்ஸை மொத்தமாக அழிக்கும் ஃபார்மேட்டைத் தட்டப் போய்க்கொண்டிருந்தது.

"பிரசன்னா, சிடிய வெளிய எடு. லினக்ஸ் மேல தப்பில்ல. என் மேலதான்."

கவரைப் பிடித்துக் கிழித்தாள். காற்றுப் போகும் துளையெல்லாம் மூடிக்கிடந்ததில் உள்ளே தகரம் கொதித்தது. அதற்குப் பிறகு மிஷின் அணையவில்லை. பிரசன்னா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. "அக்கா, வெயில்ல போறீங்களே, உங்களுக்கும் ஒரு கவர் போட்டுடலாமா?" என்றார் ஜெராக்ஸ் கடைக்காரர். ஹில்டா கடைக்குத் திரும்பி, பிரிண்டருக்குப் பின்னால் போய் நின்று நிஜமாகவே அழுதாள். ஆனால் அன்று லினக்ஸைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஹில்டாவைச் சொல்லவே எல்லோருக்கும் நேரம் சரியாக இருந்தது.