அந்தப் பிள்ளைக்குக் குடுத்தீங்களா?

சென்ற வருடம் கண்டியில் பாடசாலைகளுக்கு இடையிலான வலைப்பந்தாட்ட இறுதிப் போட்டி. என் மகள்தான் அணித் தலைவி. அவளைவிட எனக்குத்தான் படபடப்பு. உப்பும் மிளகும் தூவிய தோடம்பழத் துண்டுகளைப் பெட்டி நிறைய அடைத்துக்கொண்டு, குண்டசாலையில் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன்.

தமிழ் அம்மாக்கள் மாமரத்தடியில், சிங்கள அம்மாக்கள் படிக்கட்டில், முஸ்லிம் அம்மாக்கள் தண்ணீர்க் குழாய்ப் பக்கம். யாரும் யாரையும் விரட்டவில்லை. கண்டால் சிரிப்போம், சாப்பிட்டாச்சா என்று கேட்போம், பிறகு கால்கள் தாமாகவே அவரவர் கூட்டத்துக்குப் போய்விடும். எல்லாப் போட்டிகளிலும் இப்படித்தான். இதில் ஒரு குறை இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை.

முதல் இடைவேளைக்கு விசில் ஊதியதும் பெட்டியோடு ஓடினேன். மற்ற அம்மாக்களும் ஓடி வந்தார்கள். ஒரே நிற உடுப்புப் போட்ட பிள்ளைகள் மூன்று மூலைகளில் பிரிந்து நின்று தின்றார்கள். பயிற்சி ஆசிரியை நடுவில் நின்று கத்தியது யார் காதிலும் விழவில்லை.

அடுத்த சுற்றில் எதிரணி கோல் மேல் கோலாகப் போட்டது. எங்கள் கோலைக் காக்கும் சிங்களப் பிள்ளைக்கு எழும்பிப் பாயவே முடியவில்லை. என் வாய் சும்மா இருக்குமா? "இந்தப் பிள்ளைக்கு என்ன வந்துச்சு, நின்ன எடத்துலயே நிக்குது!" என்று சலித்துக்கொண்டேன்.

இரண்டாவது இடைவேளையில் பெட்டியை நீட்டினேன். மகள் பழத்தை எடுக்காமல், கோலைக் காக்கும் அந்தப் பிள்ளையைக் காட்டினாள்.

"அம்மா, அவ அம்மா இன்னைக்கி வரல. போன இடைவேளையில அவ ஒண்ணும் சாப்பிடாம தனியா நின்னா. நீங்க அவளைத் தாண்டித்தானே வந்தீங்க. அந்தப் பிள்ளைக்குக் குடுத்தீங்களா?"

சுருக்கென்றது. தாண்டித்தான் வந்திருக்கிறேன். பார்த்த ஞாபகமே இல்லை! மகள் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, அந்தப் பிள்ளைக்கு ஒரு துண்டை ஊட்டிவிட்டாள். "எல்லாரும் இங்க வாங்க! ஒக்கோம மெஹே என்ட!" என்று இரண்டு மொழியிலும் மைதானம் அதிரக் கூப்பிட்டாள். அந்தத் தொண்டை என்னுடையதுதான், சந்தேகமே இல்லை. மூன்று மூலைகளிலிருந்தும் பிள்ளைகள் வந்து அவளைச் சுற்றி நின்றார்கள். ஆசிரியையும் ஒருவழியாகப் பேசி முடித்தார்.

அம்மாக்கள் நாங்கள் கையில் தண்ணீர்ப் போத்தலோடு அசடு வழிய நின்றோம். பெருமைக்காரி என்று நான் எண்ணியிருந்த ஒரு சிங்கள அம்மா என் பக்கம் வந்து, தங்கச்சியைக் கூப்பிடுவதுபோல் "நங்கி, நம்ம சாமான் எல்லாம் ஒண்டா வைப்பமா?" என்று தன் பையை நீட்டினார். பழம், வடை, பேரீச்சம்பழம் எல்லாம் யாரோ விரித்த ஒரே பாய்க்கு வந்தன. நாங்களும் அந்தப் பாயிலேயே நெருக்கியடித்து உட்கார்ந்தோம்.

கடைசிச் சுற்றில் அந்தப் பிள்ளை பாய்ந்து பாய்ந்து பந்தைப் பிடித்தாள். அவள் பெயரைச் சொல்லி நான் கத்தினேன். அந்தப் பெயரையே அன்றுதான் பக்கத்து அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஒரே ஒரு கோலால் தோற்றோம். மகளின் அணி தோற்றதை நெஞ்சை நிமிர்த்தி ஊரெல்லாம் சொன்ன அம்மா நானாகத்தான் இருப்பேன். இப்போதெல்லாம் பெட்டியைத் திறந்ததும் யார் தனியாக நிற்கிறார்கள் என்றுதான் என் கண் முதலில் தேடுகிறது. அப்படித் தேட வைத்தவள் என் வயிற்றில் பிறந்தவளாக இருக்கும்போது, எனக்கு வேறு வெற்றிக் கிண்ணம் எதற்கு?