கழிவு போக எழுபத்து நாலு கிலோ

எங்கள் வீட்டில் பதினோரு கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. ஒன்றில்கூட இன்டர்நெட் வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் கொழிஞ்சாம்பாறையில் நான் நடத்தும் ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்கள், "அத்தனை வெச்சிருக்கறீங்க, எம்பையனுக்கு ஒண்ணு குடுக்கறதுங்க" என்று ஆரம்பித்துவிடுவார்கள். எண்பதுகளில் வந்த வீட்டுக் கம்ப்யூட்டர்கள் அவை. பார்க்கத் தடித்த கீபோர்டு போலத்தான் இருக்கும். டிவியில் செருகினால் படம் வரும். புரோகிராமைச் சத்தமாக மாற்றிச் சேமித்து வைக்கச் சாதாரணப் பாட்டு கேசட் போதும். இளவயதில் பொள்ளாச்சியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்தியபோது இப்படி ஒன்றில்தான் நானே கற்றுக்கொண்டேன். இப்போது பழைய இரும்புக் கடை, ஏலம், பரண் என்று எங்கே கிடைத்தாலும் தூக்கி வந்து ஓட வைக்கிறேன்.

"இதனால என்ன பிரயோஜனம்?" என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கிரிக்கெட் பார்ப்பவரிடம் யாராவது அப்படிக் கேட்கிறார்களா? என் வீட்டுக்காரர் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்ளும் அவர் வேறு மாதிரி பேசுவார்.

"ஏம்புள்ள, இன்னொண்ணு ஊட்டுக்குள்ள வந்துச்சுன்னா நான் மாட்டோட கட்டுத்தரையிலதான் போய்ப் படுக்கோணும்."

பன்னிரண்டாவது அவர் கண் முன்னால்தான் வந்தது. போன பூஜை லீவுக்கு மூணாறு போயிருந்தோம். மாட்டுப்பட்டி அணைக்குப் போகிற வழியில் ஒரு பெட்டிக்கடையில் டீ குடிக்க நிறுத்தினோம். கடைக்கார அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். முந்தின நாள்தான் ஆயுத பூஜை. கேஸ் அடுப்புக்குப் பொட்டு, ஆம்லெட் கல்லுக்குப் பொட்டு, தராசுக்குப் பொட்டு. அம்மன் படத்துக்குக் கீழே, செவ்வந்திப் பூ வைத்து, நட்டநடுவில் பெரிய சந்தனப் பொட்டோடு உட்கார்ந்திருந்தது ரப்பர் சாவிகள் வைத்த சின்னக் கறுப்புக் கம்ப்யூட்டர். நான் போட்ட சத்தத்தில் அவர் டீ வடிகட்டியைக் கீழே போட்டுவிட்டார்.

"என்னாச்சுக்கா? அட்டை கடிச்சிருச்சா?"

"அது… அந்தப் பெட்டி…"

"அதுவா? எங்க அண்ணன் பெட்டிக்கா. கேடாப்போயி ரொம்ப வருசமாச்சு. இருந்தாலும் பூஜைக்குப் பூஜை பொட்டு வச்சுருவேன். ஆயுதம் ஆயுதந்தான?"

டீ ஆறிக்கொண்டிருந்தது. அவர் கதையைச் சொன்னார். அவருடைய அப்பாவுக்கு எஸ்டேட் பங்களாவில் வேலை. அங்கிருந்த துரை மாற்றலாகிப் போகும்போது, தன் பிள்ளைகள் விளையாடிச் சலித்த அந்தப் பெட்டியை அப்பாவிடம் கொடுத்திருக்கிறார். கூடவே வந்த புத்தகத்தைப் பார்த்து அண்ணன் சொந்தமாக ஒரு விளையாட்டு எழுதினார். தேயிலைக் காட்டில் ஓடி ஓடிக் கொழுந்து எடுக்க வேண்டும். கங்காணி வந்து பிடிப்பதற்குள் கூடையைத் தராசுக்குக் கொண்டு போய்விட வேண்டும். யார் அதிக எடை போட்டார்களோ அவர்கள் பெயர் ரெக்கார்டாக நிற்கும். ரெக்கார்டு எப்போதும் அண்ணன் பெயரில்தான் நின்றது. ஒருநாள் அண்ணன் வீட்டில் இல்லாதபோது தங்கச்சி அதை முறியடித்தார். அதோடு விடாமல், அண்ணன் செய்வதைப் பார்த்துப் பழகியபடி தானே கேசட்டில் சேமித்தும் வைத்தார்.

அங்கேதான் வினை. எஸ்டேட் தொழிலாளர் லயத்து வீட்டில் வெற்றுக் கேசட் ஏது? அப்பாவின் அம்மன் பாட்டுக் கேசட்டில்தான் அண்ணன் எல்லாவற்றையும் பதிந்து வந்திருக்கிறார். அந்த வாரம் கோயில் திருவிழா. மைக் செட்காரர் வந்து, உறையில் அம்மன் படத்தைப் பார்த்ததும் அந்தக் கேசட்டை எடுத்துப்போய்ப் போட்டுவிட்டார். முதலில் கொஞ்சம் நாதஸ்வரம் வந்தது. பிறகு கூம்பு ஸ்பீக்கரில் "கூ…" என்று ஒரே சுருதியில் நீண்ட ஊளை. பந்தியில் உட்கார்ந்திருந்த பாதிப்பேர் சோற்றுக் கையோடு எழுந்துவிட்டார்களாம்.

"பாக்டரி சங்குன்னு நினைச்சுட்டாக. லீவு நாள்லயும் வேலைக்குக் கூப்பிடுதாகளேன்னு எல்லாருக்கும் ஆத்திரம். அப்பா வந்து கேசட்டப் புடுங்கி டிரங்குப் பெட்டியில வச்சுப் பூட்டிட்டாரு. அது மறுபடி கைக்கு வர்றதுக்குள்ள ஆயுத பூஜை வந்துச்சு. சந்தனத்தத் தண்ணியாக் கரைச்சு வச்சுட்டோம். பெட்டி அன்னைக்கோட கண்ண மூடிருச்சு."

அதனால் அவருடைய ரெக்கார்டை அவரைத் தவிர வேறு யாரும் பார்க்கவே இல்லை. அண்ணன் நம்பவில்லை. அன்றிலிருந்து தங்கச்சிக்கு வீட்டில் பட்டப்பெயர் கள்ளத்தராசு. அண்ணன் டிப்ளமோ படித்துக் கோயம்புத்தூரில் மோட்டார் கம்பெனி சூப்பர்வைசர் ஆனார். தங்கச்சி பத்தாவதோடு நின்று, அம்மாவோடு கொழுந்து எடுக்கப் போனார். கல்யாண வீடு, காதுகுத்து என்று எங்கே கூடினாலும் அண்ணன் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரிக்க வைப்பார்.

"அண்ணன் படிச்சதுல எனக்கு வருத்தமே இல்லக்கா. சந்தோசந்தான். ஆனா நான் பொய் சொன்னேங்காருல்ல, அதான் ஆற மாட்டேங்குது. எம்பிள்ளைகளுக்கு முன்னாலயும் சொல்லுதாரு."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பார்த்தே இராத அந்த அண்ணன் மேல் எனக்கு அப்போதே கோபம் வந்துவிட்டது. சித்திரையில் கோயில் திருவிழாவுக்கு அவர் வருவதற்குள் பெட்டியைச் சரியாக்கிக் கொண்டுவருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவர் அதையும் கேசட்டையும் ஒரு முந்திரிப்பருப்புப் பையில் போட்டுத் தந்தார். என் வீட்டுக்காரர் போய்க் கார் டிக்கியைத் திறந்தார்.

வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால், ரப்பர் விரிப்புக்கு அடியில் சந்தனம் பாறையாக இறுகிக் கிடந்தது. வருடத்துக்கு ஒரு அடுக்கு. பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு அடுக்காகத் தேய்த்து எடுத்தேன். இரண்டு நாளைக்கு வீடே கோயில் மாதிரி மணத்தது. சாவிகளின் அழுத்தத்தை வாங்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் அப்பளம்போல நொறுங்கியது. புதுத் தாளை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. உப்பிப் போயிருந்த கப்பாசிட்டர்களைப் பிடுங்கிவிட்டுப் புதியவற்றைப் பற்றவைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் வெள்ளைத் திரையும், அதன் அடியில் கம்பெனிக்காரன் எழுத்தும் தெரிந்தபோது, தோப்பிலிருந்த வீட்டுக்காரரைப் போன் போட்டுக் கூப்பிட்டேன். அவர் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டதென்று மூச்சிரைக்க ஓடிவந்தார்.

கேசட்டில் டேப்பை அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சு விழுந்திருந்தது. இன்னொரு கேசட்டிலிருந்து எடுத்து ஒட்டினேன். டேப் ரிக்கார்டரின் ஹெட்டை ஸ்க்ரூ டிரைவரால் மயிரிழை மயிரிழையாகத் திருகி, காதாலேயே சுருதி சேர்த்தேன். புரோகிராம் முழுதாக ஏறியது. ஆனால் ஓட்டிப் பார்க்கவில்லை, அப்படியே அணைத்துவிட்டேன். "ஒருக்கா பாத்துருலாமே" என்று வீட்டுக்காரர் கெஞ்சினார். அடுத்தவர் பரீட்சை ரிசல்ட்டை நாம் முதலில் பார்ப்பதா? முடியாது என்றுவிட்டேன்.

இங்கே ஒரு நுணுக்கம் சொல்லியாக வேண்டும். அந்தக் கம்ப்யூட்டரில் புரோகிராமைச் சேமித்தால், அந்த நேரத்தில் அதற்குள் இருந்த எண்களும் பெயர்களும் சேர்ந்தே பதிவாகும். திரும்ப ஏற்றியதும் 'ரன்' என்று கட்டளை கொடுத்தால், அத்தனையையும் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும். 'கோ டூ' என்று வரி எண்ணைச் சொல்லி உள்ளே போனால், எல்லாம் இருந்தபடி இருக்கும். சாவிக்கு ஒரு கட்டளை. 'கோ டூ' எந்தச் சாவி தெரியுமா? நட்டநடுவில், இத்தனை வருடமும் பொட்டு வாங்கிய அதே சாவி. அதை மட்டும் ஐம்பது தடவையாவது அழுத்திப் பார்த்திருப்பேன்.

சித்திரையில் பழைய டிவியைப் பின்சீட்டில் கட்டிவைத்து, உடுமலை, மறையூர் வழியாகப் போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் வீட்டுக்காரர் மேடு பள்ளத்துக்கெல்லாம் என்னைத் திட்டினார், டிவியை அல்ல. அந்த அம்மா இன்னும் லயத்து வீட்டில்தான் இருக்கிறார். அண்ணன் வந்திருந்தார். பெரிய மீசை, அதைவிடப் பெரிய சிரிப்பு. கோபமாகவே இருக்க வேண்டும் என்று வந்த எனக்கு அது கஷ்டமாக இருந்தது.

"அடடா, கள்ளத்தராசு ஆள் வச்சு கேஸ் நடத்துதா!" என்றார் பெட்டியைப் பார்த்ததும். தங்கச்சி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

கேசட்டைப் போட்டேன். கொஞ்சம் நாதஸ்வரம். பிறகு "கூ…"

"என்ன, இந்நேரத்துல சங்கு ஊதுது?" என்று பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது. அண்ணனும் தங்கச்சியும் ஒரே நேரத்தில் வெடித்துச் சிரித்தார்கள். சிரித்தபடியே, பழைய பழக்கத்தில், அண்ணனின் விரல் நேரே 'ரன்' சாவிக்குப் போனது. பளாரென்று அந்தக் கையில் ஒன்று வைத்தேன். முன்பின் தெரியாத ஓர் ஆண்பிள்ளையை நான் அடித்தது அதுதான் முதல் தடவை.

"மன்னிச்சுக்கோங்க. அதை அழுத்துனா எல்லாமே போயிருங்க."

'கோ டூ' போட்டேன். பச்சைப் புள்ளிகளாகத் தேயிலைக் காடு வந்தது. மேலே ஆங்கில எழுத்தில் ஒரு வரி. ரெக்கார்டு: எழுபத்து நாலு கிலோ. பெயர்: பாப்பா.

அவரை வீட்டில் கூப்பிடுவது அப்படித்தான். அவர் கத்தவில்லை, குதிக்கவில்லை. "பாத்தீங்களாக்கா" என்று என்னிடம்தான் சொன்னார். அவர் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். அண்ணன் இரண்டு கைகளையும் தூக்கினார்.

"சரி பாப்பா. நீ சொன்னது நெசந்தான். இனி அந்தப் பேரு சொல்ல மாட்டேன்."

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். சந்தோஷத்தில் அவரை ஒரு ஆட்டம் ஆடச் சொன்னோம். பெயர் கேட்டது, பாப்பா என்று அடித்தார். இத்தனை வருடத்துக்குப் பிறகும் விரல்கள் கங்காணிக்கு டிமிக்கி கொடுத்தன. கூடையில் நாற்பது கிலோ சேர்ந்ததும் தராசுக்கு ஓடினார். தராசு முப்பத்தைந்து என்றது.

"ஏனுங்க, அஞ்சு கிலோ எங்க போச்சு?" என்றேன்.

"அது கழிவுக்கா" என்றார் அவர் சாதாரணமாக. "கொழுந்துல இருக்க ஈரத்துக்கும் கூடைக்கும் கழிப்பாகல்ல? எங்க அம்மாவுக்கும் கழிப்பாக, எனக்கும் கழிச்சிருக்காக. அண்ணன் அதையும் விடாம எழுதிருக்காரு பாருங்க."

பெருமையாகத்தான் சொன்னார். கழிவு இல்லாத தராசை அவர் பார்த்ததே இல்லை. அதனால் அந்த வயதிலும் அவருக்கு அது உறுத்தியிருக்காது. அண்ணன் ஏனோ எழுந்து ஜன்னல் பக்கம் போனார்.

"நகருங்க, நானும் ஒரு ஆட்டம் போடறேன்" என்று என் வீட்டுக்காரர் உட்கார்ந்தார். கம்ப்யூட்டரைக் கண்டாலே முகம் சுளிக்கிறவர்! தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தார். கங்காணி துரத்தத் துரத்தத் திக்குமுக்காடி, ஒன்பது கிலோ கொழுந்தோடு தராசில் போய் விழுந்தார். தராசு ஒன்பது என்றது.

"எனக்கு ஒண்ணும் கழியலைங்களே?"

நான் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் புரோகிராமைத் திரையில் வரவழைத்தேன். வரிகள் மேலேறின. நடுவில் ஒரு வரி: பெயர் பாப்பா என்றிருந்தால், எடையில் ஐந்து கிலோ குறை. அவ்வளவுதான். வேறு யாருக்கும் கழிவு கிடையாது.

தங்கச்சி அந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார்.

"அண்ணே."

"சின்னப் புள்ளையில எழுதினது பாப்பா…"

"கழிச்சும் எழுபத்து நாலு."

"ஆமா."

"கள்ளத்தராசு யாருண்ணே?"

அந்தப் பெரிய மீசை தொங்கிப்போய்விட்டது. "நாந்தான்" என்றார். "ஆட்டத்துல நீ எப்பவும் என்னையப் பிடிச்சுருவ போல வந்த. பயம். அதான். நீ ஜெயிச்சேன்னு சொன்னப்ப, கழிவையும் மீறி எப்படி முடியும்னுதான் நான் நம்பல. அத வெளிய சொல்லவும் முடியல."

என் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் வாசலுக்குப் போய்விட்டார். தங்கச்சி கீபோர்டை அண்ணன் பக்கம் தள்ளினார். "நீங்களே அழிங்க" என்றார். அண்ணன் மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டி, வரி எண்ணை அடித்து, அந்த வரியை அழித்தார். கேசட்டைத் திருப்பிப் போட்டு, திருத்திய புரோகிராமை நான் புதிதாகச் சேமித்தேன். ரெக்கார்டில் கை வைக்க வேண்டாம், கழிவு போக எழுபத்து நாலு என்றே இருக்கட்டும் என்று தங்கச்சி சொல்லிவிட்டார்.

பிறகு எழுந்துபோய் எல்லாருக்கும் டீ போட்டுக்கொண்டு வந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் விளிம்பு வரை நுரை ததும்பியது. அண்ணனுடைய கிளாஸில் மட்டும் இரண்டு விரல் குறைவாக இருந்தது. அவர் கிளாஸையும் தங்கச்சியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கழிவுண்ணே" என்றார் தங்கச்சி.

அண்ணன் வாங்கிக் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.