வளையம் இல்லாத ஸ்கோப்

தேர்தல் அறிவித்துவிட்டால் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். எல்லாம் முடிந்தபிறகு ரசீதைக் காட்டித் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். போன முறை ஒப்படைக்கும் முன், குறிபார்க்கத் துப்பாக்கி மேல் மாட்டும் ஸ்கோப்பை மட்டும் கழற்றி வீட்டு அலமாரியில் வைத்தேன். சட்டை எடுக்கும்போதெல்லாம் அது கையில் தட்டுப்பட்டது. அதைத் தொட்டாலே எனக்கு அலுப்பாக வந்தது. என் கூட்டாளியிடம் சொல்லாமல் மறைத்த ஒரு விஷயம் அதில் இருந்தது.

நானும் அவனும் பட்டாளத்தில் பதினொரு வருஷம் ஜோடி. நான் சுடுகிறவன், அவன் பக்கத்தில் படுத்துத் தொலைநோக்கியில் பார்த்துச் சொல்கிறவன். குண்டு எங்கே விழுந்தது, காற்று எந்தப் பக்கம் இழுக்கிறது, அடுத்த குண்டுக்கு ஸ்கோப்புக்குள் தெரியும் கோடுகளில் எத்தனை கோடு தள்ளிப் பிடிக்க வேண்டும் என்று அவன் சொல்லுவான். நான் அதையே திருப்பிச் சொல்லிவிட்டுச் சுடுவேன். எதிர்க்கேள்வி கிடையாது. ஏன் எதற்கு என்று கேட்கிற ஜோடி தேறாது என்று எங்களுக்கு அடித்துச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

ஓய்வு பெற்று ஊர் வந்தபிறகு நான் அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மில்லின் கேட்டில் காவலுக்குச் சேர்ந்தேன். அவன் திருச்சுழிக்குப் பக்கத்தில் அவனுடைய கிராமத்தில் ஒரு வேன் வாங்கிப் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டினான். மாதம் ஒரு முறை மதுரைப் பக்கம் ஒரு கிளப்பின் சுடுதளத்துக்குப் போவோம். நாள் முழுக்க லாரிக்குக் கேட்டைத் திறந்து மூடுகிற எனக்கு, அந்த ஒரு நாள்தான் நான் யார் என்று ஞாபகப்படுத்தும்.

அந்தக் கிளப்புக்காக நான் வாங்கியதுதான் இந்தப் பாழாய்ப்போன ஸ்கோப். பின்பக்கம் ஒரு வளையம் இருக்கும். திருகினால் நான்கு பவரிலிருந்து பதினாறு பவர் வரை உருவம் பெரிதாகும். பார்க்க ஜோராகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே இருக்கும் கோடுகள் பெரிதாவதில்லை. முழுப் பதினாறில் வைத்தால், முன்னூறு மீட்டர் தூரத்துப் பலகையில் ஒரு கோடு என்பது ஒரு அடி. எட்டுக்கு இறக்கிவிட்டால் அதே ஒரு கோடு இரண்டு அடி. பட்டாளத்தில் எங்களுக்குக் கொடுத்தது ஒரே பவர் ஸ்கோப். அதில் திருகுவதற்கு வளையமே இல்லை. அதனால் எத்தனையில் வைத்திருக்கிறாய் என்று கேட்கும் பழக்கம் அவனுக்கும் இல்லை, சொல்லும் பழக்கம் எனக்கும் இல்லை.

ஒரு மாதம் கிளப்பில் ஜோடிகளுக்குப் போட்டி வைத்தார்கள். அன்று பதினொரு மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. பதினாறு பவரில் பலகை கொதிக்கிற தண்ணீர் மாதிரி ஆடியது. பவரைக் கூட்டினால் கானலும் கூடும். நான் வளையத்தை எட்டுக்கு இறக்கினேன். படம் நின்றது. அதோடு அதை மறந்தும் போனேன்.

முதல் குண்டு நடுவிலிருந்து ஒரு அடி இடது பக்கம் போனது.

"ஒரு கோடு வலது," என்றான்.

"ஒரு கோடு வலது," என்று திருப்பிச் சொல்லிச் சுட்டேன். குண்டு ஒரு அடி வலது பக்கம் விழுந்தது. அவன் கொஞ்ச நேரம் பார்த்தான். காற்று நின்றுவிட்டது என்று நினைத்திருப்பான். "நடுவுல பிடி," என்றான். அது மறுபடி இடது பக்கம் போனது. ஐந்து குண்டும் இப்படியே இடமும் வலமுமாகப் போயின. நடுவில் ஒன்றுகூட இல்லை. கடைசியில் அவன் தொலைநோக்கியிலிருந்து முகத்தை எடுத்து, துண்டால் கண்ணை அழுத்தித் துடைத்தான்.

ஸ்கோப்புக்கு மூடி போடும்போதுதான் வளையம் எட்டில் நிற்பதைப் பார்த்தேன். அவன் சொன்ன ஒரு கோடு இரண்டு அடியாகப் போயிருக்கிறது. அவன் இரண்டு கை தூரத்தில் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"என் கண்ணு போச்சுலே," என்றான். "சுகரு கண்ணுக்கு ஏறிருச்சு போல. காத்தே எனக்குத் தெரியல."

சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். பட்டாளத்து ஆள் என்று எனக்கு அங்கே ஒரு மரியாதை இருந்தது. நான் சொன்னது இதுதான்: "விடுலே. வயசானா அப்பிடித்தான்."

ஆயுளில் இதைவிட மோசமான ஒரு வார்த்தையை நான் யாரிடமும் பேசியதில்லை. அருப்புக்கோட்டை வரை பஸ்ஸில் ஒரே சீட்டில்தான் வந்தோம். பாதி வழி தாண்டும்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவன் தூங்குகிற மாதிரி கண்ணை மூடியிருந்தான். பஸ் ஸ்டாண்டில் இறங்கித் திருச்சுழி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான்.

அடுத்த மாதம் அவன் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. பிறகு அவன் மனைவி போன் பண்ணினாள்.

"அண்ணே, இவுக வேனு ஓட்டுறத விட்டுட்டாகண்ணே. கண்ணு தெரியாதவன நம்பிப் பிள்ளைகள எப்பிடி ஏத்துறதுங்குறாக. வீட்டுக்குள்ளயே கெடக்காக. நீங்க சொன்னாத்தான் கேப்பாக, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

"வாரேம்மா," என்றேன். போகவில்லை. நைட் ஷிஃப்ட், இடுப்பு வலி, மில்லில் ஆள் இல்லை என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். ஒரு மனுஷன் கோழையாக இருப்பதற்கு எவ்வளவு மெனக்கெட வேண்டியிருக்கிறது என்று அந்த மாதங்களில் தெரிந்துகொண்டேன். கேட்டில் உட்கார்ந்திருக்கும்போது, பள்ளிக்கூட வேன் எது போனாலும் தலையைத் திருப்பிக்கொள்வேன்.

வெறுங்கையோடு போய்ச் சொல்லத் தைரியம் வரவில்லை. ஒரே பவர் ஸ்கோப் ஒன்றை வாங்கிக்கொண்டு போனால் பேச்சை எடுக்க வசதியாக இருக்கும் என்று தோன்றியது. தேர்தலுக்காகத் துப்பாக்கி ஸ்டேஷனில் இருக்கும்போது ஸ்கோப் தேடி அலைந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மதுரைக் கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஃபிக்ஸட் பவரா? இப்ப யாரு சார் அத வாங்குறா? இதப் பாருங்க, ஆறுலருந்து இருபத்துநாலு. நிலாவையே எண்ணலாம்."

"நிலாவச் சுடப் போறதில்லங்க," என்றேன்.

அலுத்துக்கொண்டே உள்ளே போய்த் தூசி படிந்த இரண்டு பெட்டிகளை எடுத்து வந்தார். ஒன்று ஆறு பவர், ஒன்று பத்து. இரண்டையும் கடை வாசலில் நின்று, தெருக்கோடியில் இருந்த டிரான்ஸ்பார்மரை நோக்கிப் பார்த்தேன். எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸோடு நகர்ந்துகொண்டார்கள். ஆறில் கானல் கம்மி, ஆனால் முன்னூறு மீட்டரில் நடுப்புள்ளி என் கண்ணுக்கு எட்டாது. பத்தில் டிரான்ஸ்பார்மர் லேசாக ஆடினாலும், அபாயப் பலகையில் எழுத்து நின்றது. கண்ணாடி தெளிவாக இருந்தது. பின்பக்கம் விரலால் தடவிப் பார்த்தேன். வளையம் இல்லை. எந்த வெயிலிலும் ஒரு கோடு அதே ஒரு அடிதான். பத்தையே எடுத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருச்சுழியில் இறங்கி அவன் ஊருக்கு மினி பஸ் பிடித்தேன். அவர்கள் சர்ச்சிலிருந்து வந்து சாப்பிட்டு முடித்திருந்தார்கள். வேன் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. வேறு ஒருவருக்குக் கைமாற்றிவிட்டதாக அவன் மனைவி சொன்னாள். அவன் மெலிந்திருந்தான்.

பெட்டியை அவன் மடியில் வைத்தேன். திறந்து பார்த்தான். பின்பக்கம் விரலால் தடவினான்.

"வளையம் இல்ல," என்றான்.

"அன்னைக்கு எட்டுல இருந்துச்சுலே," என்றேன். "கானலுக்காக எறக்குனேன். ஒங்கிட்டச் சொல்லல. நீ சொன்ன ஒரு கோடு அங்க ரெண்டு அடியாப் போச்சு. நீ சொன்னதெல்லாம் சரி. மூடி போடும்போதே பாத்துட்டேன். வாயத் தொறக்கல. மன்னிச்சிரு."

அவன் என்னைப் பார்க்கவில்லை. ஸ்கோப்பைத் திரும்பப் பெட்டியில் வைத்து மூடினான்.

"கண்ணாஸ்பத்திரிக்குப் போனேன்," என்றான். "டாக்டரு, ஒனக்குக் கண்ணுல ஒண்ணுமில்ல, தாராளமா வண்டி ஓட்டுன்னாரு. நாந்தான் நம்பல. டாக்டருக்கு என்ன தெரியும், எவன் சொன்னாலும் எங்கூடப் படுத்துச் சுட்டவன் சொன்னத விடவா அப்பிடின்னு நெனச்சேன்."

அவன் மனைவி கதவு நிலையில் கை வைத்தபடி அப்படியே நின்றாள். அவன் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். ஒரு அடி அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவன் பெட்டியை என் பக்கம் தள்ளினான். நான் எடுக்கவில்லை. ரொம்ப நேரம் அது எங்கள் இருவருக்கும் நடுவிலேயே கிடந்தது.

கிளம்பும்போது ரோடு வரை கூட வந்தான். அதுவே பெரிது என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு பக்கமும் கரிசல் வெடித்துக் கிடந்தது. ரோடு நேராகப் போய்க் கானலில் கரைந்தது. நிழல் இல்லாத நிறுத்தத்தில் நின்றோம்.

"பஸ்ஸு வருது," என்றான்.

நான் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தேன். வெள்ளையாக ஏதோ ஆடியது. பஸ்ஸும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை.

"எங்கலே? எனக்குத் தெரியலயே."

"எனக்குத் தெரியுது," என்றான். பிறகு அதையே இன்னொரு முறை, தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னான். "எனக்குத் தெரியுதுலே." சொல்லும்போது அவன் குரல் உடைந்தது.