உடைய மறுத்த கூடை

கூடைக் கடைக்கு வருகிற ஆள் யாராக இருந்தாலும், முதல் வேலையாகக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து பார்ப்பார். தையல் கடையோ சலூனோ வைத்திருந்தால் உங்களுக்கும் இப்படிச் சோதனைகள் வந்திருக்கும், அதனால் என் பாடு புரியும். பிலிமத்தலாவையில் மெயின் ரோட்டோரம் எங்கள் கொட்டில். நானும் என் புருஷனின் தங்கை சரசுவும் மூங்கிலில் பின்னுகிறோம். எங்கள் கூடை மேல் யார் உட்கார்ந்தாலும் அது அசையாது. இதில் எனக்கு அடக்கமெல்லாம் கிடையாது.

புதுசு ஆகாது

வெள்ளைக்காரத் தொரை காலத்துத் தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஒரு சினிமாப் படம். அதற்குக் கொழுந்துக் கூடைகள் வேண்டும் என்று நிமல் வந்தார். படத்துக்கு வேண்டிய சாமான்களுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. சரசு கார்மெண்ட் ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்தவள். கொட்டிலில் வேலை குறைந்ததால், மறுபடி கார்மெண்டுக்கே போகட்டும் என்று வீட்டில் பேச்சு கிளம்பியிருந்தது. அவள் இல்லாமல் எனக்கு ஒரு நாளும் ஓடாது. இந்தப் படம் நல்லபடியாக முடிந்தால் அடுத்த படத்து வேலையும் உங்களுக்குத்தான் என்று நிமல் சொன்னதும், விடுவேனா?

பின்னிக் கொடுத்தோம். பார்த்துவிட்டு, "அழகு கூடிப்போச்சு அக்கா, பழசாக்குங்க" என்றார். தேயிலைச் சாயத்தண்ணியில் ஊறவைத்து, அடுப்புப் புகையில் தொங்கவிட்டு, ரோட்டோரம் உட்கார்ந்து மண்ணைப் பூசித் தேய்த்தோம். பக்கத்து ஹார்ட்வெயார் கடை முஸ்லிம் நானா எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"என்ன தங்கச்சி, புதுசுக்கு மண்ணு பூசுறீங்க? எங்கட கடையில பழசுக்குப் பெயின்ட் அடிச்செல்லோ விக்கிற."

கட் என்றால் என்ன

பன்வில பக்கம் ஒரு தோட்டத்தில் ஷூட்டிங். கூடை ஏதாவது அவிழ்ந்தால் கட்டிக் கொடுக்க எங்களையும் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒன்றும் அவிழவில்லை, சும்மாதான் நின்றோம். கொழுந்து பறிக்கிற மாதிரி நடிக்கத் தோட்டத்துப் பெண்களையே பிடித்திருந்தார்கள். இப்போது அவர்கள் சாக்குப் பையில்தான் பறிக்கிறார்கள். ஆனாலும் எங்கள் கூடையை முதுகில் போட்டு, கயிற்றைத் தலையில் மாட்டியதும் கை தானாக ஓட ஆரம்பித்துவிட்டது.

டைரக்டர் கட் கட் என்று கத்துகிறார், ஒருத்தரும் நிற்கவில்லை. கூடையெல்லாம் நிறைந்துகொண்டே வருகிறது. நிமல் ஓடிப்போய்க் கும்பிட்டு, போதும் என்றார். முன் வரிசையில் பறித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை:

"இத இப்பிடியே விட்டுட்டுப் போனா முத்திப் போயிரும். அப்பறம் கங்காணிகிட்ட யாரு ஏச்சு வாங்குறது, நீங்களா?"

வாய் கட்டாத கூடை

கடைசியாகத்தான் வந்தது வம்பு. கதையில் கங்காணி ஒரு பெண்ணின் கூடையை உதைப்பான். "ஒரே உதையில உடையோணும் அக்கா" என்றார் நிமல். உட்கார்ந்தாலும் உடையாத கூடை பின்னுகிறவளிடம் இப்படிக் கேட்டால் எப்படி இருக்கும்? அடுத்த படத்தை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு ஒத்துக்கொண்டேன். மூங்கிலை ஊறவைக்காமல் காய்ந்தபடியே பின்னினேன். விளிம்பில் சுற்றுகிற வாய்க்கட்டையும் விட்டுவிட்டேன். அது இல்லாவிட்டால் ஒரு தட்டுக்கே விரிந்துவிடும்.

கங்காணி வேஷக்காரர் ஓடிவந்து உதைத்தார். கொழுந்து சிதறியது. கூடை உருண்டு சரிவில் இறங்கியது, முழுசாக. அவர் கால் விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கூடையை யாரோ கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்கள். வாய் இறுகக் கட்டியிருந்தது! எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. போச்சு, எல்லாம் போச்சு. சரசு தலையைக் குனிந்துகொண்டாள்:

"வாய் கட்டாம ஒரு கூடை வீட்டுல கெடந்தா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது மதினி."

எந்த உதை

வேறு வழி? சரசு போட்ட வாய்க்கட்டை நானே கத்தியால் அறுத்தேன். சரசு பார்க்கமாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டாவது உதையில் கூடை பிளந்து கிடந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். நான் சிதறிய மூங்கிலைப் பொறுக்கினேன்.

சாயங்காலம் நிமல் எங்களைத் தேடி வந்தார். முதல் உதையைத்தான் படத்தில் வைக்கப்போகிறார்களாம். கூடை உருண்டபோது, அந்தப் பெண்ணாக நடித்த நடிகை யாரும் சொல்லாமலே பின்னால் ஓடிப்போய் அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரையே பார்த்துக்கொண்டிருந்த நான் அதைக் கவனிக்கவே இல்லை. அடுத்த படம் என்ன ஆச்சு என்று சரசுதான் மெல்லக் கேட்டாள். நிமல் சிரித்தார்:

"அதுல ஒரு பாலம் உடையோணும். அத மட்டும் வேற ஆளுக்குக் குடுக்கிறம், மத்ததெல்லாம் நீங்க ரெண்டு பேருந்தான்."

சரசு கார்மெண்டுக்குப் போகவில்லை, இன்றைக்கும் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து பின்னுகிறாள். ஆனால் உடைய வேண்டிய சாமான் எதையும் அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் நான் வைப்பதில்லை.